வட்டம் போடாத அந்த 38

ஏற்காடு மலையில், பஸ் நிற்கிற இடத்திலிருந்து காபித் தோட்டத்துக்குள் இரண்டு கிலோமீட்டர் இறங்கிப் போனால் வருகிற ஒரு கிராமம். அங்கே மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் ஊக்குநராக இருக்கும் 39 வயதுப் பெண் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது.

சென்ற ஆவணியில் வெளியூர் அமைப்பு ஒன்று பள்ளிக்கூட வராந்தாவில் 60 வயது தாண்டிய பெண்களுக்கு இலவச மருத்துவ முகாம் நடத்தியது. வீடு வீடாகப் போய்ப் பாட்டிமார்களைத் திரட்டி வந்தவர் இவர்தான். வரிசையில் முதல் ஆளாக நின்றவர் இவருடைய மாமியார், வயது 71. எடை பார்த்தார்கள், விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். 178/96. சீட்டில் அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டார்கள். பெயரை மைக்கில் கூப்பிட்டு, "பாட்டி, உங்களுக்கு பி.பி. ரொம்ப அதிகம், எப்ப வேணாலும் பக்கவாதம் வரும்" என்று சொல்லி, முப்பது மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பயந்துபோன கொழுந்தனார் மறுவாரமே அவரைச் சேலத்துக்கு அழைத்துப் போய் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினார். அங்கே 164/92. வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு மூன்று வாரம் கழித்து, விடியற்காலையில் எழுந்து வெளியே போன மாமியார் வாசற்படியில் தலைசுற்றி விழுந்தார். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. அன்றைக்குச் செவிலியர் வந்து பார்த்தபோது பிரஷர் 102/60.

இப்போது எல்லா மாத்திரையும் நிறுத்தியாயிற்று. "இனி எங்கம்மாவுக்கு ஒரு மாத்திரையும் வேண்டாம்" என்கிறார் கணவர். "உன் கேம்ப்புக்கு வந்துதான் கையை ஒடிச்சுக்கிட்டா" என்று ஊர்ப் பெண்கள் இவரிடமே சொல்கிறார்கள். நான் செய்தது தப்பா, மாத்திரையை நிறுத்தியது சரியா, குழுப் பணத்தில் ஒரு பிரஷர் மிஷின் வாங்கி நாங்களே பார்த்து மாத்திரையும் வாங்கி வைத்துக் கொடுக்கலாமா, பிரஷர் என்று பெயர் எழுதிக்கொண்டால் முதியோர் பணத்தை நிறுத்திவிடுவார்களாமே, உண்மையா என்று நான்கு கேள்விகள். கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, போகிற போக்கில் ஒரு வரி: "அத்தை ரொம்ப மெலிஞ்சுட்டாங்க. வயசானா அப்படித்தானே டாக்டர்?"

முகாம் சீட்டின் நகலையும், வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகளின் புகைப்படத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். அவருக்கு என் பதில்.

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. ஒரு வேளைக் கூலியை விட்டுவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கி, இத்தனை காலம் யாரும் பிரஷர் பார்த்திராத பெண்களை ஒரு இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். இது சின்ன வேலை இல்லை. தவறு நடந்தது முகாம் முடிந்த பிறகு. அளந்தவர்கள் அன்று சாயங்காலமே மலையிறங்கிப் போய்விட்டார்கள். அளந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அத்தை தனியாக நின்றுவிட்டார்.

நீங்கள் போகிற போக்கில் கேட்ட அந்தக் கடைசிக் கேள்விதான் கடிதத்திலேயே பெரிய கேள்வி. அதற்கு வருகிறேன். முதலில் மற்றவற்றைப் பார்த்துவிடுவோம். உங்கள் அத்தையை நான் நேரில் பார்க்கவில்லை. கடிதத்தை வைத்து நோய் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் அனுப்பிய சீட்டும் புகைப்படமும் நிறையவே பேசுகின்றன.

178 எவ்வளவு உண்மை?

முகாம் நாளை நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மேட்டிலிருக்கும் வீட்டிலிருந்து இறங்கி வந்து, ஒரு வரக்காப்பி குடித்துவிட்டு, வெற்றிலை பாக்குப் புகையிலையை வாயில் அதக்கிக்கொண்டு, முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, பெஞ்சில் உட்கார்ந்த உடனே கையை நீட்டியிருக்கிறார். கால் தரையில் எட்டவில்லை. ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றியிருக்கிறார்கள். "உனக்கு எத்தனை பிள்ளைங்க ஆயா?" என்று பேச்சும் கொடுத்திருக்கிறார்கள். இதில் ஒவ்வொன்றும் பிரஷரைச் சில புள்ளிகள் ஏற்றிக் காட்டக்கூடியது. சிலது பத்துப் புள்ளி வரைக்கும்கூட ஏற்றும். எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். காபியும் புகையிலையும் உள்ளே போய் அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகுதான் அளக்க வேண்டும். ஒரு நாளில் எடுத்த ஒரு அளவை வைத்துக்கொண்டு ரத்தக்கொதிப்பு என்று சொல்லிவிடக் கூடாது. வேறு வேறு நாளில் எடுத்த அளவுகள் 140/90ஐத் தாண்டினால்தான் அந்தப் பெயர்.

இதைக் கேட்டதும் உங்கள் கணவர், "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்பார். அவரிடம் இதையும் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து, உட்கார வைத்து நிதானமாகப் பார்த்த இடத்திலும் 164/92 வந்திருக்கிறது. ஆகவே அத்தைக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஒல்லியான உடம்புக்கு, காடு மேடெல்லாம் நடக்கிற காலுக்கு பிரஷர் வராது என்று மலையில் பலரும் நம்புகிறார்கள். அப்படி இல்லை. வயது ஏற ஏற ரத்தக் குழாய் விறைத்துப்போகும். மேல் எண் தானாக ஏறும். தலைவலி, படபடப்பு என்று எந்த அறிகுறியும் காட்டாமலே ஏறும். "எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்று சொல்கிறவருக்கும் பக்கவாதம் வருகிறது.

வயதானவர்களுக்குப் பிரஷர் மாத்திரை கொடுத்து என்ன பயன் என்றும் கணவர் கேட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 80 வயது தாண்டியவர்களை மட்டுமே சேர்த்து நடத்தி 2008ஆம் ஆண்டு வெளியான ஹைவெட் என்ற ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களிடம் இதயம் செயலிழப்பது வெகுவாகக் குறைந்தது, உயிரிழப்பும் குறைந்தது. எண்பதிலேயே பயன் இருக்கும்போது எழுபத்தொன்றில் கைவிட நியாயமே இல்லை. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் ஓரளவு திடமாக இருந்தவர்கள். உங்கள் அத்தை அப்படி இல்லை. தளர்ந்த உடம்புக்கு மருந்தைச் சிறிய அளவில் தொடங்கி, மெதுவாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

மூன்று அட்டைகள்

புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக் பையிலிருந்து கொட்டி, முறத்தில் பரப்பி எடுத்திருக்கிறீர்கள். முதலாவது முகாமில் கொடுத்தது, அம்லோடிபின் 5 மில்லிகிராம். அது மட்டும் பத்துப் பத்தாக மூன்று அட்டை. இரண்டு முழுக்கக் காலி, கடைசியில் இரண்டு மாத்திரை மிச்சம். முகாமிலிருந்து விழுந்த நாள் வரை இருபத்தெட்டு நாள். ஒரு நாள்கூட விடாமல் போட்டிருக்கிறார். இரண்டாவது கிளினிக்கில் எழுதியது, டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5 இரண்டும் சேர்ந்த கூட்டு மாத்திரை. நிறம் வேறு, கம்பெனி வேறு, அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரும் வேறு. ஆனால் உள்ளே இருப்பதில் ஒன்று அதே அம்லோடிபின்.

அத்தை என்ன செய்திருக்கிறார் என்பது உங்கள் வரியிலேயே இருக்கிறது: "கேம்ப் மாத்திரை காலையில, சேலத்து மாத்திரை ராத்திரி." புதிய மாத்திரை தொடங்கும்போது பழையதை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பழையது இருப்பதே கிளினிக்கில் தெரியாது. கொழுந்தனார் அட்டையைக் கொண்டுபோகவில்லை. ஆக, 38 கிலோ உடம்பில் அம்லோடிபின் நாளுக்கு 10 மில்லிகிராம், அதன் மேல் டெல்மிசார்டன் 40. முந்தின ராத்திரி சாப்பிடாமலே படுத்திருக்கிறார். விடியற்காலையில் பாயிலிருந்து சட்டென்று எழுந்ததும் பிரஷர் கீழே போய், மூளைக்கு ரத்தம் எட்டாமல் கண் இருட்டியிருக்கும். விழுந்ததற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். மாத்திரையை மறக்கிறவர்களுக்கு நேர்வது வேறு. இது சொன்ன சொல் தவறாமல் மாத்திரை போட்டவருக்கு நேர்ந்தது. அதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

மூன்றாவது மருந்தின் அட்டையை நீங்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. "அது சும்மா முட்டிவலிக்கு, ஒரு வருஷமா போடறாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். அது டைக்ளோபினாக். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. ஆனால் கேட்டால் கிடைக்கிறது. இந்த வகை வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும். வயிற்றைப் புண்ணாக்கிப் பசியைக் கெடுக்கும். அந்தப் புண்ணிலிருந்து வெளியே தெரியாமல் ரத்தம் கசிந்து சோகை வரும். டெல்மிசார்டனோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. பிரஷர், மெலிவு, சோகை மூன்றுக்கும் இந்த ஒரு அட்டையில் பங்கு இருக்கலாம். இதை இன்றே நிறுத்திவிடுங்கள். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். தாங்க முடியாவிட்டால் பாராசிட்டமால் எவ்வளவு போடலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள்.

பிரஷர் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தியது சரியா என்றால், விழுந்த அன்று அந்தப் பயத்தில் நிறுத்தியதைக் குறை சொல்ல மாட்டேன். அப்படியே விட்டுவிடுவதுதான் சரியில்லை. நீங்களாக எதையும் மறுபடி தொடங்க வேண்டாம். இந்த வாரமே மூன்று மருந்தின் அட்டைகளையும் காலி அட்டை உட்பட அதே பையில் போட்டு, முகாம் சீட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். டாக்டரிடம், "உட்கார்ந்து ஒரு தரம், எழுந்து நின்னு ஒரு தரம் பிரஷர் பாருங்க சார்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 இறங்கினால், மருந்தின் அளவை அதற்குத் தக்கபடி முடிவு செய்வார்.

இனி அத்தை காலையில் எழும்போது பாயில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, காலை நாலு தரம் மடக்கி நீட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். ராத்திரி வெளியே போக டார்ச் வேண்டும், வாசற்படி ஓரத்தில் பிடிக்க ஒரு கம்பு வேண்டும். மணிக்கட்டு ஒடிந்தது எலும்பு பலவீனத்துக்கும் அடையாளம். அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

38 கிலோ

சீட்டில் 178க்கு இரண்டு வரி மேலே, நீல மையில், "எடை 38, உயரம் 148" என்று இருக்கிறது. அதைச் சுற்றி வட்டம் இல்லை. பக்கத்தில் ஹீமோகுளோபின் 9.4. அதற்கும் இல்லை. இரண்டு வருடம் முன்பு கண் ஆபரேஷன் அட்டையில் 44 கிலோ இருந்தது என்று நீங்களே தேடிப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தேடலுக்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆறு கிலோ போயிருக்கிறது, உடம்பில் ஏழில் ஒரு பங்கு. உயரத்துக்கு எடை என்று கணக்குப் போட்டால் பி.எம்.ஐ. 17.3 வருகிறது. 18.5க்குக் கீழே போனாலே எடை குறைவு.

வயதானால் மெலிவது இயல்பு என்று எல்லாரும் சொல்கிறோம். தோல் சுருங்கும், தசை கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் முயற்சி பண்ணாமல், ஆறு மாதம் ஒரு வருடத்துக்குள் உடம்பில் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே காரணம் தேட வேண்டும் என்பது மருத்துவத்தில் பழைய விதி. ரவிக்கை தொளதொளத்தது, வளையல் முழங்கை வரை ஏறுகிறது, கொலுசு பாதத்தில் வந்து கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, இவையெல்லாம் எடை மிஷினுக்கு முன்னாலேயே வீடு பார்த்துவிடுகிற அளவுகள்.

நம் நாட்டில் இந்தப் பெண்களைக் கணக்கெடுக்கிற ஆளே குறைவு. தேசிய குடும்பநல ஆய்வு பெண்களின் ரத்தசோகையை 15 வயதிலிருந்து 49 வரைதான் அளந்து வந்தது. 2018இல் தொடங்கிய ரத்தசோகை இல்லாத இந்தியா திட்டத்தில் குழந்தை, வளரிளம் பருவத்தினர், கர்ப்பிணி, பாலூட்டும் தாய் என்று ஆறு பிரிவுகள் உண்டு. பாட்டிக்கு அதில் இடம் இல்லை. பிள்ளை பெறுகிற வயது தாண்டிவிட்டால் பெண்ணின் ரத்தத்தைப் பற்றிக் கேட்பாரில்லை என்று ஆகிவிடுகிறது. எனக்கு நெடுநாளாக இதில் ஆதங்கம். முகாமில் 9.4க்கு வட்டம் போடாமல் விட்டதும் இந்தப் பழக்கத்தால்தான். 12க்குக் கீழே என்றாலே சோகை. 8லிருந்து 10.9 வரை நடுத்தர அளவு. உங்கள் அத்தை அங்கே நிற்கிறார்.

மாதவிடாய் நின்று இருபது வருடம் ஆன பெண்ணுக்குச் சோகை இருந்தால், வெறும் இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்து அனுப்புவது போதாது. ரத்தம் எங்கே போகிறது, ஏன் ஊறவில்லை என்று பார்க்க வேண்டும். மலம் தார் மாதிரிக் கறுப்பாக, பிசுபிசுப்பாகப் போகிறதா? வெறுங்காலோடு தோட்டத்தில் வேலை செய்தவர் என்பதால் கொக்கிப்புழு இருக்கலாம், மலப் பரிசோதனை செய்யலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல் இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம். காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். சுகர், தைராய்டு, சிறுநீரகம், வைட்டமின் பி12 ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் மலையில் வசதி இல்லையென்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். மெடிக்கலில் டானிக் வாங்குவதும், "தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் ஏத்திக்கலாம்" என்பதும் பணத்துக்குக் கேடு. ஒரு பாட்டில் குளுக்கோஸில் இருப்பது சில கரண்டிச் சர்க்கரை அளவுச் சத்துதான்.

சோதனைகள் ஒரு பக்கம் இருக்கட்டும். அத்தையின் தட்டைப் பார்ப்போம். காலையில் வரக்காப்பி. மதியம் கேழ்வரகுக் களி ஒரு உருண்டை, மேலே கீரைத் தண்ணீர். ராத்திரி "பசியில்லை" என்று படுத்துவிடுகிறார். எல்லாரும் சாப்பிட்ட பிறகு கடைசியில் தனியாக உட்காருவது இளம் மருமகளாக வந்த நாளிலிருந்து பழக்கம். கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் இல்லை. மாமா காலமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. இந்த ஆறு வாக்கியத்துக்குள் ஆறு கிலோவும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கேழ்வரகு நல்ல தானியம், சுண்ணாம்புச்சத்து நிறைந்தது. மெல்லத் தேவையில்லை என்பதால்தான் அதிலேயே நின்றுவிட்டார். ஆனால் தசைக்கு வேண்டிய புரதம் அந்தத் தட்டில் இல்லை. முதியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். அத்தையின் இன்றைய எடைக்கே நாளுக்கு 40 கிராம் அளவில் வேண்டும்.

உங்கள் வீட்டில் இருப்பதை வைத்தே செய்யலாம். களி கிளறும்போது வெந்த பருப்பை மசித்துச் சேருங்கள். கொள்ளு அவித்து, மசித்துக் கடைந்தால் பல் வேண்டாம். கொல்லையில் காய்க்கிற மொச்சையைத் தோலுரித்து வேகவைத்துக் கடையலாம். வேர்க்கடலையைச் சட்னியாக அரையுங்கள். கோழி வைத்திருக்கிறீர்கள், முட்டையைச் சந்தைக்கு அனுப்பும் முன் அத்தைக்கு நாளுக்கு ஒன்று எடுத்து வையுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். ராத்திரிக்கு ஒரு டம்ளர் சாமைக் கஞ்சி, அதில் தயிர். காபியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள், கூடவே குடித்தால் இரும்புச்சத்தை உடம்பு இழுக்காது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை எது கிடைத்தாலும் சாப்பாட்டோடு சேருங்கள்.

உப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பிரஷர் என்றதும் அத்தைக்கு உப்பில்லாமல் தனியாகச் சமைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அக்கறையில் செய்ததுதான், ஆனால் அதற்குப் பிறகு அவர் இன்னும் குறைவாகச் சாப்பிட்டார் என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாளுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் கீழே, கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. முதலில் ஊறுகாய், கருவாடு, அப்பளம், பாக்கெட் காரம் இவற்றைக் குறையுங்கள். குழம்பில் வீடு முழுவதற்கும் கொஞ்சம் உப்பைக் குறைத்து, நம் மலை மிளகையும் எலுமிச்சையையும் தாராளமாகப் போடுங்கள். அத்தைக்கு மட்டும் தனிச்சட்டி வேண்டாம். உங்களோடு உட்கார்ந்து, உங்களுக்கு முன்னால் ஒரு கவளமாவது அவர் எடுக்கட்டும்.

குழுவாக நீங்கள் என்ன செய்யலாம்?

மிஷின் வாங்கலாம். தாராளமாக. மாத்திரை வாங்கி வைத்துக் கொடுக்கக் கூடாது, ஒன்றுகூட. அது சட்டத்துக்குப் புறம்பானது, அத்தைக்கு நடந்ததைப் பத்து வீட்டில் நடத்திவைக்கவும் கூடும். அளப்பது உங்கள் வேலை, மருந்து டாக்டர் வேலை. நடுவில் தகவலை ஏந்திப் போவது உங்கள் குழுவால்தான் முடியும்.

மணிக்கட்டில் கட்டும் மிஷின் வேண்டாம், மேற்கையில் சுற்றும் டிஜிட்டல் மிஷின் வாங்குங்கள். பட்டையைக் கவனியுங்கள். சாதாரணப் பட்டை 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது. உங்கள் ஊர்ப் பாட்டிகள் பலரின் கை அதைவிட மெலிந்திருக்கும். மெலிந்த கையில் பெரிய பட்டையைச் சுற்றினால் பிரஷரை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். ஆபத்தானவரை நல்லா இருக்கிறார் என்று அனுப்பிவிடுவீர்கள். சின்னப் பட்டை ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் பாருங்கள். அதிகமாக இருந்தால் வேறொரு நாளில் அவர் வீட்டிலேயே போய்ப் பாருங்கள். 180/110 இருந்தால் அறிகுறி இல்லாவிட்டாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் விழுதல் இருந்தால் காத்திருக்காமல் 108. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டிய ஊரில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

மலையில் இன்னொன்றும் உண்டு. குளிர்காலத்தில் பிரஷர் சற்று ஏறும், வெயில் காலத்தில் இறங்கும். மார்கழியில் ஏற்றிய மாத்திரை சித்திரையில் அதிகமாகிவிடலாம். அதனால் இரண்டு பருவத்திலும் பாருங்கள்.

பிரஷரோடு சத்தையும் சேர்த்தே பாருங்கள், அதற்கு மிஷின்கூட வேண்டாம். முதியோர் மருத்துவத்தில் ஆறு கேள்வி உள்ள ஒரு படிவம் இருக்கிறது. மூன்று மாதமாகச் சாப்பாடு குறைந்திருக்கிறதா, எடை குறைந்ததா, வீட்டைவிட்டு வெளியே நடமாடுகிறாரா, பெரிய நோயோ மனத்துயரமோ வந்ததா, மறதியோ மனச்சோர்வோ உண்டா, உயரத்துக்கு எடை எவ்வளவு என்பவை அந்தக் கேள்விகள். மொத்தம் 14 மதிப்பெண். 12க்குக் கீழே வந்தால் கவனிக்க வேண்டும், 7க்கு மேல் போகாவிட்டால் சத்துக்குறைவே இருக்கிறது. கூன் விழுந்தவர்களுக்கு உயரம் சரியாக வராது. அவர்களுக்குத் தையல் டேப்பால் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளக்கலாம். 31 செ.மீ.க்குக் கீழே என்றால் மெலிவு. செவிலியரிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். பிரஷர், எடை, கெண்டைக்கால், என்னென்ன மாத்திரை, யார் கொடுத்தது. சீட்டு தொலைந்துபோகும், நோட்டு இருக்கும்.

அந்த நோட்டைக் கொடுக்கவும் ஆள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், தொடர் மாத்திரையும் வீட்டிலேயே தருகிறார்கள். உங்கள் பகுதிக்கான தன்னார்வலர் யார் என்று சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வெளியிலிருந்து மறுபடி யாராவது முகாம் போட வந்தால், வரவேண்டாம் என்று சொல்லாதீர்கள். "அடுத்த மாசம் யார் வந்து பார்ப்பாங்க?" என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் இருந்தால் மட்டும் பாட்டிகளை அழைத்து வாருங்கள். ஆதார் எண்ணும் போன் எண்ணும் வாங்கினால் எதற்கென்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பிரஷர் பார்க்க ஆதார் தேவையில்லை.

மைக்கில் பெயர் சொன்னதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். "ஊரே கேக்குற மாதிரி சொல்லிட்டாங்க" என்று அத்தை அழுததாகவும். ஒருவரின் உடம்பு நிலை அவருடைய அந்தரங்கம். மற்ற பெண்கள் இப்போது வர மறுப்பதற்கு எலும்பு முறிவைவிட அந்த மைக் பெரிய காரணமாக இருக்கலாம். நீங்கள் பார்க்கும்போது திண்ணையில் வேண்டாம், வீட்டுக்குள் பாருங்கள். எண்ணை அவரிடம் மட்டும் சொல்லுங்கள், மகனிடம் சொல்லலாமா என்று அவரையே கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை வேண்டாம் என்று முடிவெடுக்க அத்தைக்கு உரிமை உண்டு. அவருக்காக அந்த முடிவை எடுக்க உங்கள் கணவருக்கு உரிமை இல்லை. விழுந்ததற்கு என்ன காரணம் என்று விளக்கிச் சொன்ன பிறகு அவரே என்ன சொல்கிறார் என்று கேட்போம்.

ஓய்வூதியம் பற்றிய பயத்தை இன்றைக்கே போக்கிவிடுங்கள். பிரஷர் இருக்கிறது என்று எழுதியதால் முதியோர் ஓய்வூதியம் நிற்காது. வயதும் ஆதரவற்ற நிலையும்தான் அதற்கு அடிப்படை. 2023இல் அதை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். அத்தைக்கு இன்னும் வரவில்லை என்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். ஓய்வூதியம் பெறுகிறவர்களுக்குச் சத்துணவு மையத்தில் மதிய உணவு கொடுக்கும் ஏற்பாடும் தமிழ்நாட்டில் பல காலமாக உண்டு. உங்கள் ஊர்ப் பள்ளி மையத்தில் அது எப்படி நடக்கிறது என்று அமைப்பாளரிடம் கேளுங்கள். தனியாக இருக்கும் பாட்டிகளுக்கு அது ஒரு வேளைச் சோறு, கூடவே பேச்சுத்துணை. மருத்துவச் சந்தேகங்களுக்கு 104, முதியோருக்கு வேறு எந்த உதவிக்கும் 14567, இரண்டையும் நோட்டின் அட்டையில் எழுதி வையுங்கள்.

இந்த வாரம் சுகாதார நிலையத்துக்குப் போகும்போது அத்தையைப் பஸ் நிறுத்தம் வரை நடத்திக் கூட்டிப் போக வேண்டாம், யாராவது வண்டியில் ஏற்றி விடட்டும். காலையில் வெறும் வயிற்றோடு கிளம்ப விடாதீர்கள். அங்கே எடை பார்ப்பார்கள். ஒரு மாதம் கழித்து அதே மிஷினில், செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபடி பாருங்கள். உங்கள் அடுத்த கடிதத்தில் பிரஷரை எழுத மறந்தாலும் பரவாயில்லை, அந்த எடையை எழுதுங்கள்.